கூற்றும் கேட்போரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கவிஞன் தன் நெஞ்சைத் திறந்து தானே பேசுவது ஒருவகைக் கவிதை. கவிஞன் வாய்மூடி ஒதுங்கிக்கொள்ள, வேறொருவர் முன்வந்து பேசுவது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் பேசுகிறவர் அரசராகவும் இருக்கலாம், காதல் வயப்பட்ட பெண்ணாகவும் இருக்கலாம், கொலைகாரராகவும் இருக்கலாம். அவர் பேச்சைக் கேட்க எதிரில் ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள் ஒரு சொல்லும் மறுமொழி சொல்ல மாட்டார். நாமோ சற்றுத் தள்ளி நின்று அனைத்தையும் கேட்டுக்கொண்டிருப்போம். ஆங்கில இலக்கியத்தார் இவ்வகைக் கவிதைக்கு 'டிராமாட்டிக் மோனோலாக்' என்று பெயரிட்டுள்ளனர். தமிழில் 'நாடகத் தனிமொழி' எனலாம்.

நான் அறிவியல் மாணவன். ஆயினும் முதற்பகுதித் தமிழும் இரண்டாம் பகுதி ஆங்கிலமும் நமக்கு உண்டல்லவா? ஒரு வகுப்பில் குறுந்தொகை, மறு வகுப்பில் பிரவுனிங் என்று படிக்கும்போது இரண்டும் ஒரே வேலையைச் செய்வதைக் கண்டேன். இரண்டிற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறக்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டு நாட்டாரும் ஒரே முறையைக் கையாண்டிருப்பது ஏன்? அவர்கள் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள்? இவ்வினாக்களுக்கு நான் அறிந்த அளவில் விடைகூற முயல்வதே இக்கட்டுரை.

விக்டோரியா காலத்துக் குரல்கள்

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்தில் இக்கவிதை வகையை வளர்த்தவர்களுள் தலையாய இருவர் இராபர்ட் பிரவுனிங் (1812–1889), ஆல்பிரட் டென்னிசன் (1809–1892) ஆகியோர்.

1842-ஆம் ஆண்டில் பிரவுனிங் 'டிராமாட்டிக் லிரிக்ஸ்' என்னும் தொகுதியை வெளியிட்டார். அதில் உள்ள பாடல்கள் கற்பனை மாந்தர் பலருடைய பேச்சுகளே அன்றித் தம் சொந்தப் பேச்சு அல்ல என்று அவரே குறிப்பு எழுதினார். கவிதை என்றால் கவிஞனின் உள்ளம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு அக்குறிப்பு தேவைப்பட்டது போலும்!

அத்தொகுதியில் உள்ளது 'மை லாஸ்ட் டச்சஸ்'. ஐம்பத்தாறே அடிகள். இத்தாலியில் ஃபெராரா நாட்டுக் கோமகன் பேசுகிறான். கேட்பவன் வேறொரு பிரபுவின் தூதன். அப்பிரபுவின் மகளைக் கோமகனுக்கு மணம் பேச வந்தவன். மாளிகையில் திரையிட்டு மறைத்த ஓர் ஓவியம் இருக்கிறது. திரையை விலக்கும் உரிமை கோமகன் ஒருவனுக்கே உண்டு. அவன் அதை விலக்கி, அதோ என் முன்னாள் மனைவி என்று காட்டுகிறான். அவளிடம் அவன் கண்ட குறை என்ன? அவள் எல்லோரையும் பார்த்து முறுவலித்தாள். அந்தி வெயிலைக் கண்டு மகிழ்ந்தாள். ஒருவன் ஒடித்துத் தந்த செர்ரிக் கிளைக்கும் மகிழ்ந்தாள். தொள்ளாயிரம் ஆண்டுப் பெருமையுடைய தன் குலப்பெயரை அவளுக்கு அளித்தானாம். அதற்கும் செர்ரிக் கிளைக்கும் ஒரே மதிப்பைத் தந்துவிட்டாளாம். ஆகவே அவன் ஆணையிட்டான், முறுவல்கள் நின்றுபோயின. இவ்வளவையும் சொல்லி முடித்தவன் அடுத்த மூச்சில் சீதனத்தைப் பற்றிப் பேசுகிறான். மாடிப்படி இறங்கும் வழியில் வெண்கலச் சிலை ஒன்றைக் காட்டிப் பெருமை கொள்கிறான்.

கோமகன் தன்னை உயர்த்திக்கொள்ளவே பேசினான். நம் காதில் விழுவதோ ஒரு கொலையின் செய்தி. அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச அவள் உயிரோடு இல்லை. ஆயினும் அவள் நல்லவள், கள்ளமற்றவள் என்பதை அவளைக் கொல்வித்தவன் வாயாலேயே நாம் அறிந்துகொள்கிறோம். ஃபெராராவை ஆண்ட இரண்டாம் அல்போன்சோ என்பவனின் இளம் மனைவி லுக்ரேசியா 1561-இல் இறந்த வரலாறே இப்பாடலுக்கு அடிப்படை என்பர்.

டென்னிசனின் 'யுலிசீஸ்' வேறு மாதிரி. உயிர் நண்பன் ஆர்தர் ஹாலம் 1833-இல் திடீரென இறந்த துயரில் அவ்வாண்டே எழுதி, 1842-இல் வெளியிட்டார். போர்களும் கடற்பயணங்களும் முடித்து ஊர் திரும்பிய முதிய மன்னன் ஒருவன், வீட்டில் முடங்கியிருக்க மனமின்றி மீண்டும் கடலோடப் புறப்படுகிறான். அவன் பேச்சில் வீரம் இருக்கிறது. ஆனால் மனைவியையும் மகனையும் குடிமக்களையும் அவன் குறிப்பிடும் முறையைக் கூர்ந்து கேட்டால், இவன் கடமையைத் துறந்து ஓடுகிறானோ என்ற ஐயமும் எழுகிறது. பேசுபவனிடம் பரிவு கொள்வதா, அவனை எடைபோடுவதா என்று நம்மைத் தடுமாற வைப்பதே இக்கவிதை வகையின் இயல்பு என்று இராபர்ட் லாங்பாம் என்னும் திறனாய்வாளர் 1957-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். நாடக மேடையில் ஒரு பாத்திரம் தனியே நின்று தன் மனத்தைத் தானே பேசிக்கொள்வதும் தனிமொழியே. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அப்படிப் பேசுவான். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைத் தழுவிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்திலும் அத்தகைய தனிமொழிகள் உண்டு. அவற்றில் எதிரே ஆள் இல்லை. ஆதலால் பாத்திரம் உண்மையைத்தான் பேசும். எதிரே ஒருவர் நிற்கும்போதோ பேச்சின் நிறமே மாறிவிடும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம், எப்படிச் சொன்னால் காரியம் ஆகும் என்ற கணக்கு உள்ளே புகுந்துவிடும். அந்தக் கணக்கைப் படிப்பதுதான் நம் வேலை.

தொல்காப்பியர் வகுத்த இலக்கணம்

ஆங்கிலத் திறனாய்வாளர் இவ்வகைக் கவிதைக்கு இலக்கணம் கூறியது அண்மைக் காலத்தில். நம் தொல்காப்பியர் இதற்குரிய கருவிகளைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பொருளதிகாரத்தில் எடுத்து வைத்துவிட்டார். செய்யுளியலில் அவர் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைக் கூறுகிறார். எழுத்தும் அசையும் சீரும் மட்டும் உறுப்புகள் அல்ல. கூற்று ஓர் உறுப்பு. பேசுபவர் யார் என்பது அது. கேட்போர் ஓர் உறுப்பு. களன், காலம் ஆகியன உறுப்புகள். பேச்சு நிகழும் இடமும் பொழுதும் அவை. பயன் ஓர் உறுப்பு. இப்பேச்சால் விளைவது என்ன என்பது. எச்சம் ஓர் உறுப்பு, சொல்லாமல் விட்டது. முன்னம் ஓர் உறுப்பு. இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொல்கிறார் என்பதைப் பாடலின் குறிப்பைக் கொண்டே உணர்வது.

நண்பர்களே, பிரவுனிங்கின் பாடலை இவ்வுறுப்புகளைக் கொண்டு ஆராய்ந்து பாருங்கள். கூற்று: கோமகன். கேட்போர்: தூதன். களன்: ஓவியம் உள்ள மாளிகை. பயன்: அடுத்த மனைவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை. எச்சம்: கொலை. முன்னம்: தூதன் என்று ஒருவன் இருப்பதைப் பாடலின் இறுதியில்தான் நாம் முழுமையாக உணர்கிறோம். அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்துகிறதன்றோ!

பேசும் உரிமை யார் யாருக்கு என்பதையும் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். களவு வாழ்க்கையில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பார்ப்பான் ஆகிய அறுவர் பேசலாம். திருமணத்திற்குப் பின்னர்ப் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்வர். ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, தன் நெஞ்சு முதலியவற்றைப் பார்த்துப் பேசவும் இடம் உண்டு. புலவர் தம் பெயரில் தாமே பேச அகத்தில் இடமே இல்லை.

இக்காரணத்தால்தான் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1967-இல் வெளியிட்டபோது, அகப்பாடல்களை நாடகத் தனிமொழிகளாகவே உலகத்தாருக்கு அறிமுகம் செய்தார். அகப்பாடலில் புலவர் வாசகரை நோக்கிப் பேசுவதில்லை, பாத்திரங்கள் தமக்குள் பேசுவதை வாசகர் ஒட்டுக் கேட்கிறார் என்பது அவர் தந்த விளக்கம்.

கொல்லிமலையின் குடபுறம்

எடுத்துக்காட்டுக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் நிற்கிறது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நம்மில் பலர் ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவுக்குப் போய் வந்திருப்போம். அம்மலையில் தெய்வம் எழுதிய பாவை ஒன்று உண்டு என்பது சங்கப் புலவர்கள் பலமுறை சொல்லும் செய்தி. தலைவியின் அழகுக்கு அப்பாவையே உவமை.

குறுந்தொகையின் 89-ஆம் பாடல் பரணர் பாடியது. பேசுபவள் தோழி. ஒரு சிறு பெண் உரலில் குற்றும்போது உலக்கைப் பாட்டுப் பாடினாள். அதைக் கேட்டு, தொடர்பில்லாதவர்கள் எல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். அறிவில்லாத இந்த ஊரின் பேச்சுக்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்கிறாள் தோழி. அந்தப் பெண்ணுக்கு உவமை, கொல்லியின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் எழுதிய பாவை. மேற்குப் பக்கம் எது? சேந்தமங்கலத்திலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் நிமிர்ந்தால் தெரிகிறதே, அந்தப் பக்கந்தான். நம் ஊர்களில் இருந்து நாள்தோறும் காணும் மலைமுகத்தைப் பரணர் பாட்டில் வைத்துவிட்டார்.

இப்பாடலின் சிறப்பு அதன் கேட்போரில் இருக்கிறது. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்க, தோழி தலைவியிடம் சொல்பவள் போலச் சொன்னது என்பது பாடலுக்கு அமைந்த துறைக்குறிப்பு. இதனைச் 'சிறைப்புறம்' என்பர். பேச்சு தலைவியைப் பார்த்து. குறி தலைவனை நோக்கி. பக்கத்தில் நிற்கும் தலைவியையே 'இந்தப் பெண்' என்று படர்க்கையில் சுட்டுவதிலிருந்து, சொற்கள் யாருக்காக என்பது புலனாகும். ஊர் பேசத் தொடங்கிவிட்டது, இனியும் ஒளிந்து வந்துகொண்டிருக்காதே, வந்து மணந்துகொள் என்பதே எச்சம். அந்தச் சொல் பாடலில் எங்கும் இல்லை.

இதை விளக்கப் பேராசிரியர் தேவையில்லை. நம் ஊர்ப்பக்கம் 'சாடை பேசுவது' என்று சொல்கிறோமே, அதுதான் இது. எங்கள் ஆயா இதில் தேர்ந்தவர். வேலைக்குப் போகாமல் திண்ணையில் படுத்திருக்கும் என் சித்தப்பாவை அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கட்டுத்தறியில் நிற்கும் எருமையிடம் போய், "உனக்கென்ன மகராசி, நேரத்துக்குத் தீனி, நெனைச்சப்பத் தூக்கம்" என்பார். எருமை அசைபோட்டுக்கொண்டே இருக்கும். திண்ணையில் இருப்பவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கூற்று ஆயா, முன்னிலை எருமை, கேட்போர் சித்தப்பா, பயன் கைமேல் கிடைத்தது! எங்கள் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சிறைப்புறம் தெரியும்.

குறுந்தொகை 100-ஆம் பாடலிலும் கொல்லிமலை வருகிறது. கபிலர் பாடியது, பேசுபவன் தலைவன். வல்வில் ஓரியின் கொல்லிமலைப் பாவை போன்றவள் அவள். அவளை அடைதல் அரிது என்கிறான். பரணர் பாட்டில் கொல்லி சேர மன்னனாகிய பொறையனுக்கு உரியது. கபிலர் பாட்டில் ஓரிக்கு உரியது. ஓரியைக் காரி கொன்று, கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தியை அகநானூற்று 209-ஆம் பாடல் கூறுவதை இத்துடன் சேர்த்துப் படித்தால் மலை கைமாறிய வரலாறு விளங்கும். நம் பொருளுக்கு வேண்டியது வேறொன்று. இப்பாடலுக்கு இரண்டு துறைக்குறிப்புகள் உள்ளன. தலைவன் தன் பாங்கனுக்குச் சொன்னது என்பது ஒன்று. இரவில் அவளைச் சந்திக்க வந்து, குறி தவறி, காணாமல் திரும்புகிறவன் தன் நெஞ்சுக்குச் சொன்னது என்பது மற்றொன்று. பாடல் ஒன்றே, சொல் ஒன்றுகூட மாறவில்லை. நண்பனிடம் சொன்னதாகக் கொண்டால், இப்படிப்பட்டவளுக்காக நான் மயங்கியதில் தவறென்ன என்று வழக்காடும் பேச்சு அது. நெஞ்சுக்குச் சொன்னதாகக் கொண்டால், கிடைக்க மாட்டாளே என்று உடைந்துபோன பேச்சு. கேட்பவர் மாறினால் கவிதையே மாறிவிடுகிறது! துறைக்குறிப்புகள் பிற்காலத்தார் சேர்த்தவை என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியாயின் அவற்றை எழுதியவர்கள் நமக்கு முன்னே இப்பாடல்களை ஒட்டுக் கேட்ட நல்ல வாசகர்கள் ஆவர்.

அதே கபிலரின் 25-ஆம் பாடலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். திருமணத்தைத் தள்ளிப்போடும் தலைவனை எண்ணித் தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னைக் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தண்டு போல் மெலிந்த காலுடன் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற நாரை ஒன்றுதான் அங்கே இருந்தது. இவ்வளவே பாடல். சாட்சி சொல்ல வாயில்லாத பறவை. அதன் கவனமும் மீன் மேல்! ஓர் ஏழைப் பெண் வழக்குமன்றத்தில் கையறு நிலையில் நிற்பது போன்ற காட்சி கண்முன் எழுகிறது. தலைவி அச்சம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

ஒப்பும் வேறுபாடும்

மறைந்து கிடப்பதை வெளிப்பட்டதைக் கொண்டு அறிவது அறிவியலுக்கும் உரிய முறை. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைவை ஆராய ஜான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் குண்டூருக்கு வந்தார். அவ்வாண்டே இங்கிலாந்தில் லாக்கியர் ஞாயிற்றொளியின் நிறமாலையில் அதுவரை அறியப்படாத மஞ்சள் கோடு ஒன்றைக் கண்டு, அது புதிய தனிமத்திற்கு உரியது எனக் கருதினார். அதுவே ஹீலியம். 1895-இல் ராம்சே அதைப் பூமியிலும் கண்டுபிடித்தார். ஞாயிற்றைத் தொட்டவர் எவருமில்லை. வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தே உள்ளிருப்பதை அறிந்தனர். அகப்பாடலைப் படிப்பவனும் பிரவுனிங்கைப் படிப்பவனும் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை ஆய்வாளர்களே.

இனி வேறுபாடுகளுக்கு வருவோம். அகத்தில் தலைவன் தலைவியருக்குப் பெயர் கூடாது என்பது தொல்காப்பியர் கட்டளை. பொறையனும் ஓரியும் உவமைக்குள்தான் வரலாம். அதனால் அங்கே பேசும் பெண் எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம். பிரவுனிங்கிற்கோ இடமும் காலமும் குணமும் திட்டமாக வேண்டும். அவர் ஃபிளாரன்சு நகரில் 1860-இல் பழைய வழக்குக் கட்டு ஒன்றை விலைக்கு வாங்கினார். 1698-இல் ரோமில் நடந்த கொலை வழக்கு அது. அதைக் கொண்டு 'தி ரிங் அண்ட் தி புக்' என்னும் பெருங்கவிதையைப் பன்னிரண்டு பகுதிகளாக 1868–69-இல் வெளியிட்டார். கொன்ற கணவன், குத்துண்டு சாகக் கிடக்கும் மனைவி, வழக்கறிஞர்கள், போப்பாண்டவர், ஊர்மக்கள் எனப் பலரும் ஒரே நிகழ்ச்சியை அவரவர் கோணத்தில் பேசுகிறார்கள். நம் புலவர்கள் ஒரே குரலுக்குப் பல சூழல்களைக் கண்டார்கள். பிரவுனிங் ஒரே சூழலுக்குப் பல குரல்களைக் கண்டார்.

இதனினும் பெரிய வேறுபாடு கேட்போரைப் பற்றியது. கோமகனின் பேச்சைக் கேட்ட தூதன் என்ன செய்தான்? கவிதை சொல்லவில்லை. நாம் காணும் மட்டும் அவன் வாய் திறவாமல் கோமகனோடு படியிறங்குகிறான். அவன் தன் தலைவனிடம் போய், இந்த வீட்டில் உங்கள் மகளைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னானா? தெரியாது. இன்னொரு பெண்ணின் உயிர் அந்தக் கேட்பவன் கையில் இருக்கிறது. சிறைப்புறத்துத் தலைவன் நிலையோ வேறு. அவன் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. அவன் செயற்பட வேண்டும் என்பதற்காகவே தோழி பேசுகிறாள். கேட்டலுக்குப் 'பயன்' உண்டு என்று இலக்கணமே சொல்லிவிட்டது.

பேசாதவர் யார்?

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். பேச உரியோர் பட்டியலைப் படிக்கும்போதே, அதில் இல்லாதவர் யார் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

ஊரார், அயலார், தந்தை, தமையன் முதலியோர்க்கு அகத்தில் நேர்க்கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடே நினைவுக்கு வந்தது. என் தந்தையார் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். அவர் பேசுவது மிகக் குறைவு. "அப்பா இப்படிச் சொன்னாரு" என்று அம்மா எடுத்துச் சொல்வதே எங்களுக்கு அவர் கூற்று. தொல்காப்பியர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நூற்பா எழுதினாரோ என்று வியந்தேன்.

மற்றொரு விதி அவ்வாறு வியக்கத்தக்கது அன்று. அடியோரும் வினைவலரும், அதாவது ஏவல் செய்வோரும் தொழில் செய்து பிழைப்போரும், அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆகார். கைக்கிளை, பெருந்திணை ஆகியவற்றில்தான் அவர்களுக்கு இடம் என்று அகத்திணையியல் கூறுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னிருந்தோர் அனைவரும் வினைவலர். குறுந்தொகையை நான் எவ்வளவு போற்றினாலும், நானூறு பாடல்களில் எங்கள் முன்னோர் தலைவனாக நின்று பேசும் பாடலைத் தேட இலக்கணம் இடம் தரவில்லை. இதைச் சொல்வது நூலைக் குறைகூறுவது ஆகாது. யார் பேசினார்கள் என்று பெருமைப்படும் நாம், யார் பேச விடப்படவில்லை என்பதையும் எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

இங்கிலாந்திலும் இவ்வினா எழுந்தது. அகஸ்டா வெப்ஸ்டர் (1837–1894) என்னும் பெண்பாற்புலவர் 1870-இல் 'ஏ காஸ்ட்அவே' என்ற தனிமொழியை வெளியிட்டார். சமுதாயம் கண்ணெடுத்துப் பார்க்கக் கூசிய விலைமகள் ஒருத்தி அதில் தன் வாயால் பேசுகிறாள். தன் பழைய நாட்குறிப்பைப் புரட்டியபடியே, பெண்களுக்குத் தரப்பட்ட கல்வி எவ்வளவு வெறுமையானது, தன்னை இந்நிலைக்குத் தள்ளிய உலகம் எவ்வளவு போலியானது என்று கேட்கிறாள். பிரவுனிங்கின் கோமகளுக்குக் கிட்டாத நா அவளுக்குக் கிட்டியது. வெப்ஸ்டர் பின்னர் இலண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. எழுதியதோடு நில்லாமல் கல்விப் பணியிலும் இறங்கினார்.

தமிழிலும் குரல்கள் பெருகின. நம்மாழ்வார் தம் திருவாய்மொழியில் காதல் கொண்ட மகளாகவும் அவளுடைய தாயாகவும் தோழியாகவும் மாறி மாறிப் பேசினார். பின்னர் வந்த பள்ளு நூல்களில் உழவுத் தொழிலாளரும், குறவஞ்சிகளில் குறி சொல்லும் பெண்ணும் முன்மேடைக்கு வந்தனர். அங்கும் அவர்களைப் பேச வைத்தவர்கள் வேறு புலவர்களே. உழைப்பவர் தம் வாயாலேயே பேசும் கவிதை எங்கே இருந்தது என்று கேட்டால், ஒப்பாரியில் இருந்தது என்பேன். எங்கள் ஊரில் சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது, இறந்தவரை முன்னிலைப்படுத்திப் பாடுவார்கள். இறந்தவர் மறுமொழி சொல்ல மாட்டார். பிறந்த வீட்டில் கிடைக்காத சீர், தன்னைக் கைவிட்ட அண்ணன், புகுந்த வீட்டில் பட்ட பாடு என்று வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை எல்லாம் அந்தப் பாட்டில் வெளிவரும். பந்தலில் குனிந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரின் காதில் அது விழும். முன்னிலை பிணம்; கேட்போர் பந்தலில் இருப்போர். சிறைப்புறத்தின் மறுவடிவம் இது. இதற்கு அச்சில் நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலக்கணம் அப்பெண்களின் நெஞ்சில் இருக்கிறது.

நம் கடமை

தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாகாது. நம் கல்லூரியில் படிப்போரில் என்னைப் போல் முதல் தலைமுறையாக வந்தவர் பலர். நாளை நம்மில் சிலர் ஆசிரியர்கள் ஆவோம். சிலர் அலுவலகங்களில் மேசைக்கு இப்புறம் அமர்வோம். சிலர் மருத்துவமனைச் சீட்டு எழுதும் இடத்தில் இருப்போம். அப்போது மேசைக்கு அப்புறம் வந்து நிற்பவர்கள் நம் தந்தையரைப் போன்றோரே. அவர்கள் கேட்க வந்ததை நேரே கேட்க மாட்டார்கள். மழை இல்லை என்பார்கள். கிழங்கு விலை இறங்கிவிட்டது என்பார்கள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்பார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று அதற்குள் இருக்கும். அதைக் கேட்கக் காது வேண்டும். அந்தக் காதைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை அகப்பாடல் ஒன்றைப் படிக்கும்போது உரையைப் புரட்டுவதற்கு முன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். பேசுவது யார்? கேட்பது யார்? வேலிக்கு அப்பால் நிற்பது யார்? சொல்லாமல் விட்டது எது? கேட்டவர் இனிச் செய்ய வேண்டியது என்ன? இவ்வைந்தையும் பிரவுனிங்கிடமும் கேட்கலாம். வீட்டில் ஆயாவிடமும் கேட்கலாம். தூதனைப் போல் வாய்மூடிப் படியிறங்கிப் போகாமல், வேலிக்கு அப்பால் நின்ற தலைவனைப் போல் கேட்டதற்கு ஒரு செயல் செய்பவர்களாக நாம் இருப்போமாக!